ஏப்ரல் 14 மாலை போட்டாச்சு, 15-ஆம் தேதி என்ன வேலை? வடசென்னைக் களத்திலிருந்து சில குறிப்புகள்

ஓட்டேரி

ஜெய் பீம் தோழர்களே. 2022-லிருந்து அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14 தமிழ்நாட்டில் சமத்துவ நாள். அரசு அலுவலகங்களில் உறுதிமொழி வாசிக்கிறார்கள். புளியந்தோப்பு முதல் எண்ணூர் வரை சிலைக்குச் சிலை மாலை, நீலக்கொடி, பேண்டு, பிரியாணி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் காலையில் "சாதிப் பேரைச் சொல்லித் திட்டினாங்கண்ணா" என்று ஒருவர் வந்து நின்றால் அவருக்கு என்ன வழி சொல்வது? அவரவர் வேலை செய்யும் இடத்தில் அம்பேத்கர் எதற்குப் பயன்படுகிறார் என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். படிக்கிறவர் அதை வைத்து ஒரு மனுவாவது எழுத முடிய வேண்டும்.

பெரம்பூர், வாசிப்பு வட்டம்

1927-இல் அம்பேத்கர் குளப் போராட்டம் நடத்திய மகாராஷ்டிரத்து மகாடு ஊரிலிருந்து தொடங்குகிறேன். குளத்துத் தண்ணீரைக் குடித்த அந்த ஒரு நாளோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

1923-இல் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் பம்பாய் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கும் குளம், கிணறு, சத்திரம், பள்ளி எல்லாவற்றையும் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்றது அது. மகாடு நகராட்சியும் 1924-இல் தன் பங்குக்குச் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. போட்டதோடு சரி, யாரும் போய்த் தண்ணீர் எடுக்க முடியவில்லை. ஆக 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரின் பின்னால் ஊர்வலமாகப் போனவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஏட்டில் ஏற்கெனவே இருந்ததைக் கையில் எடுத்தார்கள், அவ்வளவுதான். அடுத்து கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று புரளி கிளப்பிவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்தார்கள். பிறகு 108 குடத்தில் சாணம், கோமியம், பால், தயிர் கலந்து ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்.

டிசம்பரில் மறுபடி போகத் தேதி குறித்ததும் எதிர்த்தரப்பு நீதிமன்றம் போய், குளம் தனியார் சொத்து என்று தடையுத்தரவு வாங்கியது. பல்லாயிரம் பேர் திரண்டு நிற்கிறார்கள், தடையுத்தரவும் இருக்கிறது. அம்பேத்கர் தடையை மீறவில்லை. குளத்தைச் சுற்றி ஊர்வலம் போனதோடு சரி. டிசம்பர் 25 இரவு மனுஸ்மிருதியை எரித்த அதே மாநாடுதான் அது. இன்னொரு பக்கம் வழக்கு நடந்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம், நினைவுக்கெட்டாத காலம் தொட்டு விலக்கிவைக்கும் வழக்கம் இருந்ததாக வாதிகள் நிரூபிக்கவில்லை என்று சொல்லித் தள்ளியது. பத்து வருஷம் ஆயிற்று. அதுவரை அந்த வழக்கை உயிரோடு வைத்திருந்தவை நகராட்சித் தீர்மானம், பதிவேடு, சாட்சியம் எல்லாம்தான்.

சென்னைக்கும் இதில் இடமுண்டு. 1924-இலேயே இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றவைத்தார். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவரும் அவர்தான். நம் பிள்ளைகளிடம் கேட்டால் மகாடு தெரியும், இவரைத் தெரியாது.

வியாசர்பாடி, சட்ட உதவி

பெரம்பூர் தோழர் விட்ட இடத்திலிருந்து காவல் நிலையத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதைச் செயல்படுத்த 1955-இல் ஒரு சட்டம் வந்தது, அது போதாமல் 1989-இல் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015 திருத்தம் குற்றப் பட்டியலை நீட்டியது. 2018-இல் 18ஏ பிரிவு சேர்ந்தது. ஏட்டில் எல்லாம் பக்காவாக இருக்கிறது. ஆனால் வழக்கு தோற்பது பெரும்பாலும் முதல் நாள் எழுதிக் கொடுக்கும் அந்த ஒரு பக்கப் புகாரால்தான்.

அடிக்கடி பார்ப்பது இது: "என்னைக் கேவலமாகவும் கெட்ட வார்த்தையாலும் திட்டினார்." இப்படி எழுதினால் வன்கொடுமைப் பிரிவு நிற்காது. 3(1)(ஆர்) பொதுமக்கள் பார்வையில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவது, 3(1)(எஸ்) பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது. இரண்டுக்கும் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம். ஆகவே சொன்ன சொல்லை, எழுதக் கூசினாலும், அப்படியே மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். எழுதும் விதம் ஏறக்குறைய இப்படி:

"நான் இந்து ஆதிதிராவிடர். எதிரி வேறு சாதியைச் சேர்ந்தவர், என் சாதி அவருக்குத் தெரியும், மூன்று வருடமாக ஒரே பிளாக்கில் குடியிருக்கிறோம். இன்ன தேதி மாலை சுமார் 6.40 மணிக்கு, பி பிளாக் தரைத்தளத்துத் தண்ணீர்க் குழாய் அருகே, இன்னார், இன்னார் ஆகிய இருவர் கேட்க, என்னைப் பார்த்து '......' என்று சொன்னார்."

இதில் ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் இருக்கிறது. எதிரி பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லாதவராக இருந்தால்தான் இந்தச் சட்டம் பொருந்தும். சாதி அவருக்குத் தெரியும் என்பதை ஒரு வரியில் சொன்னால் பிறகு "எனக்குத் தெரியவே தெரியாது சார்" என்ற பேச்சுக்கு இடமில்லை. இடத்தை எழுதுவது பொதுமக்கள் பார்வை என்பதற்காக. நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது சொன்னதை இந்தப் பிரிவுகளில் கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் சொல்லிவிட்டது. ஹவுசிங் போர்டு மாடிப்படி, வராந்தா, குழாயடி, தெருமுனை என்றால் சிக்கல் குறைவு. சாட்சிகளில் ஒருவராவது சொந்தக்காரர் அல்லாதவராக இருக்க வேண்டும். ஃபோனில் தனியாகத் திட்டியதற்கு இந்தப் பிரிவு கிடைப்பது கஷ்டம்.

ஒன்றைக் கறாராகச் சொல்கிறேன். அந்த இடத்திலேயே இல்லாத ஆளின் பெயரைக் கோபத்தில் சேர்க்காதீர்கள். திட்டியவர் ஒருவர், புகாரில் குடும்பமே ஐந்து பேர் என்று வரும். அந்த நாலு பேரில் ஒருவர் அந்த நேரத்தில் கம்பெனியில் வேலையில் இருந்ததாகப் பதிவேடு காட்டினால் முழு வழக்கும் சரிந்துவிடும். அதேபோல இடத் தகராறு, வாடகை பாக்கி, குழாய்ச் சண்டை எல்லாவற்றையும் மூன்று பக்கம் எழுதிவிட்டு நாலாம் பக்கத்தில் சாதியைக் கொண்டுவந்தால், இது வெறும் சொத்துச் சண்டை என்று எதிர்வக்கீல் எளிதாகச் சொல்லிவிடுவார். சாதிச் சொல்தான் முதல் பத்தி.

புகாரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் நடப்பது என்ன? சி.எஸ்.ஆர். போட்டுக் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து "விசாரிக்கிறோம், நாளைக்கு வாங்க" என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே. முதல் தகவல் அறிக்கை வேறு, அதற்குக் குற்ற எண் இருக்கும். வழக்குப் பதிய முன்கூட்டி விசாரணை தேவையில்லை என்று 18ஏ தெளிவாகச் சொல்கிறது. இப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173(3)-ஐக் காட்டி, 14 நாள் ஆரம்ப விசாரணை செய்யலாமே என்று சில இடங்களில் கேட்கிறார்கள். 18ஏ சிறப்புச் சட்டத்தில் இருக்கிறது என்பதை எழுத்தில் குறிப்பிட்டு மனுவோடு கொடுத்துவிடுங்கள், வாயால் வாதாட வேண்டாம். "இது எங்க லிமிட் இல்ல" என்ற பேச்சும் எடுபடாது. எல்லை எதுவானாலும் பதிந்து, பிறகு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்பது 173(1).

பதிய மறுத்தால் அதே புகாரை அன்றைக்கே துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். நகலை வேப்பேரி ஆணையர் அலுவலகத்திலும் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். அங்கே கேட்கும் முதல் கேள்வியே "மேலதிகாரிக்கு அனுப்பினீங்களா, அத்தாட்சி எங்கே?" என்பதுதான். 14566 என்ற தேசிய உதவி எண்ணில் சொன்னால் புகார் எண் தருவார்கள், அதையும் குறித்துவையுங்கள்.

அடிபட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. வடசென்னையில் பெரும்பாலும் ஸ்டான்லிதான். அங்கே பணியில் இருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில், யார், எத்தனை பேர், எதால் அடித்தார்கள், எப்போது என்று எழுதுவார். பதற்றத்தில் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் அந்த வரி வழக்கு முடியும்வரை கூடவே வரும். "தெரிந்த நபர் இருவர், மரக்கட்டையால்" என்று சொன்னால் அப்படியே பதிவாகும். அந்தப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்கிப் புகார் விவரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வழக்கு பதிவான பிறகு பார்க்க வேண்டியவை மூன்று. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். சென்னையில் அது உதவி ஆணையர். இன்ஸ்பெக்டரே முழுக்க விசாரித்துக் குற்றப்பத்திரிகை போட்டால் எதிர்த்தரப்புக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது. இரண்டாவது, இந்தச் சட்டத்தின் விதி 7 படி 60 நாளில் விசாரணை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். மூன்றாவது, சட்டத்தின் 15ஏ பிரிவுப்படி பிணை மனு வரும்போது பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்லி, அவர் தரப்பையும் கேட்க வேண்டும். கேட்காமல் கொடுத்த பிணையை 2021-இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்திருக்கிறது.

நிவாரணத் தொகை விஷயத்திலும் ஒரு குழப்பம். 2016 மத்திய விதிகளின் அட்டவணைப்படி (ஆர்), (எஸ்) பிரிவுகளுக்கு 1 லட்சம் ரூபாய். முதல் தகவல் அறிக்கை கட்டத்தில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும் 50, தண்டனை கிடைத்தால் மீதி 25. முதல் தவணைக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சாதிச் சான்றிதழ் நகலும் வங்கிப் புத்தக நகலும் முதல் நாளே கோப்பில் போகாததால்தான் பல பேருக்கு இழுக்கிறது.

எதிர்வழக்கையும் எதிர்பாருங்கள். நீங்கள் சி.எஸ்.ஆர். சீட்டோடு வீட்டுக்குப் போன அன்று இரவே, நீங்கள் அடித்ததாக அவர் ஒரு மனு கொடுத்திருப்பார். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்து "ரெண்டு பேரும் சமாதானமாப் போங்க" என்று பேச்சு வரும். அதனால்தான் புகாரை மறுநாளைக்குத் தள்ளாதீர்கள் என்கிறேன்.

கொருக்குப்பேட்டை

தோழர், நல்ல விவரம். ஒரு சந்தேகம். வாடகைக்கு வீடு கேட்கப் போனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேரடியாகக் கேட்பதில்லை. "நான்வெஜ் சாப்பிடுவீங்களா? சொந்த ஊர் எது? எந்தத் தெரு?" என்று சுற்றிவளைக்கிறார்கள். இதற்கு எந்தப் பிரிவு?

வியாசர்பாடி, சட்ட உதவி

சட்டம் மெலிந்த இடம் அது, ஒளிக்காமல் சொல்கிறேன். அரசியலமைப்பு 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், சாலை பற்றிப் பேசுகிறது. தனி ஆளின் வாடகை வீடு அதற்குள் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தன் சமூகத்தாரை மட்டும் சேர்க்கலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது வேறு இருக்கிறது. சாதியைச் சொல்லி வெளிப்படையாக மறுத்து, அது எழுத்திலோ குரல் பதிவிலோ இருந்தால் 2015 திருத்தத்தின் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்புப் பிரிவைப் பயன்படுத்திப் பார்க்கலாம். புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் "அந்த ஆளுங்களுக்கு ஓனர் தர மாட்டார்" என்ற செய்தியை அழிக்காதீர்கள். சைவம் மட்டும் என்ற பலகையை வைத்துக்கொண்டு மட்டும் வழக்கு நடத்த முடியாது.

தண்டையார்பேட்டை, துப்புரவுத் தொழிலாளர் சங்கம்

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை பார்த்தவர். வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற 1946 தொழிற்சாலைத் திருத்தச் சட்டத்துக்குப் பின்னால் அவர் இருக்கிறார். எங்கள் மே தின மேடையில் அவர் படம் இருப்பதன் காரணத்தைச் சில தொழிற்சங்கத் தோழர்களுக்கே விளக்க வேண்டியிருக்கிறது.

சாக்கடைக்கு வருகிறேன். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் அந்த வருஷம் டிசம்பர் 6 அன்று, அதாவது அம்பேத்கர் நினைவு நாளில், நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது 7-ஆம் பிரிவில் தடை. 9-ஆம் பிரிவில் முதல் தடவை 2 ஆண்டு சிறை அல்லது 2 லட்சம் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம். இது மெட்ரோவாட்டருக்கு (சென்னைக் குடிநீர் வாரியம்) மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்பார்ட்மென்ட் சங்கச் செயலாளர், வீட்டு ஓனர், ஹோட்டல்காரர், கான்ட்ராக்டர், ஆளை வேலைக்கு வைக்கும் எவருக்கும் பொருந்தும்.

"மாஸ்க், கிளவுஸ் கொடுத்தோமே" என்பார்கள். துணி மாஸ்க்கோ என்95-ஓ தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. சாக்கடையில் ஆளைக் கொல்வது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைப்பது அந்த நேரத்தில்தான். 500-க்கு மேல் சில நிமிடத்தில் நினைவு போகும், ஆயிரத்தை நெருங்கினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே விழுவார். காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். மூடியைத் திறந்துவைத்தால் மட்டும் போகாது. மேலே காற்று சரியாக இருந்தாலும், சேற்றைக் கிளறிய உடனே உள்ளே அடைபட்ட வாயு ஒட்டுமொத்தமாகக் கிளம்பும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள், மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

ஒருவர் விழுந்தால் இன்னொருவர் குதிக்கிறார், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர். ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் சாவது இப்படித்தான். விழுந்தவர் அண்ணன் தம்பியாக இருந்தாலும் இறங்காதீர்கள். 101 அல்லது 112-க்கு அடித்து "சாக்கடைக்குள் ஆள் மயங்கிக் கிடக்கிறார், மூச்சுக் கருவியோடு வாங்க" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வார்த்தை முக்கியம். கருவி இல்லாத வண்டி வந்தால் அதில் வந்தவரும் மேலே நின்றுதான் பார்க்க முடியும்.

ஆள் இறங்குவதைப் பார்த்தால் வீடியோ எடுங்கள். மூடி திறந்த குழி, இறங்கியவர் உடம்பில் என்ன இருந்தது, நின்ற லாரியின் நம்பர் பிளேட், பின்னால் தெரியும் கடைப் பலகை எல்லாம் ஒரே ஓட்டத்தில் வரட்டும். முகத்தை வெளியே பரப்பாதீர்கள், வேலை போய்விடும் என்ற பயத்தில் அவரே நமக்கு எதிராகப் பேசுவார். வீட்டுச் செப்டிக் டேங்க் என்றால் 14420-க்குச் சொல்லி வண்டி வரவழைக்கலாம். தெருச் சாக்கடை அடைப்பு என்றால் மெட்ரோவாட்டர் 45674567.

இறப்பு நடந்துவிட்டால், எப்.ஐ.ஆரில் கவனக்குறைவால் மரணம் என்ற ஒரு பிரிவை மட்டும் போட்டு முடித்துவிடப் பார்ப்பார்கள். 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகளும், இறந்தவர் பட்டியல் சாதி என்றால் வன்கொடுமைச் சட்டம் 3(1)(ஜெ)-யும் சேர வேண்டும். சேராவிட்டால் பிறகு இழப்பீடு கேட்கும்போது "இது சாதாரண விபத்து" என்பார்கள். உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் என்றது, 2023 அக்டோபர் 20 பல்ராம் சிங் தீர்ப்பில் 30 லட்சம் ஆக்கியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது, மற்ற ஊனத்துக்கு 10 லட்சம். குடும்பம் திரட்ட வேண்டியது எப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சாதிச் சான்று. கான்ட்ராக்டர் 2 லட்சமோ 3 லட்சமோ பணமாகக் கொண்டுவந்து, "தானாகத்தான் இறங்கினார், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்பார். சவ அடக்கம் முடியாத வீட்டில், செலவுக்குக் காசில்லாத நேரத்தில் அந்தத் தாள் வரும். அன்றைக்கு அந்த வீட்டில் சங்கத்து ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் முதல் வேலை.

குப்பை அள்ளுகிறவர்களுக்கு ஒன்று. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தது எல்லாருக்கும் தெரியும். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்கிறது தமிழ்நாட்டின் 1981 சட்டம். நமக்கு அது பொருந்துமா என்று எதிர்த்தரப்பு வாதாடும், வாதாடட்டும். ஆனால் 480 நாளை எதை வைத்துக் காட்டுவீர்கள்? வருகைப் பதிவேடு அவர்களிடம் இருக்கும், கான்ட்ராக்ட் மாறும்போது காணாமல் போகும். பி.எஃப். பாஸ்புக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை இறக்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்று அதில் வரிசையாக இருக்கும். யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். கணக்கு எண்ணோடு இருக்கும் ஃபோன் நம்பர் மேஸ்திரியுடையதா உங்களுடையதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ராயபுரம்

எல்லாம் சரி அண்ணா. ஆனால் பேச்சு முழுக்கப் புகார், இழப்பீடு, ரசீது என்றே போகிறது. அம்பேத்கர் நிவாரணம் வாங்கித் தர வந்தவர் இல்லை. சாதியே ஒழிய வேண்டும் என்றவர். 1916-இல் கொலம்பியாவில் படித்த கட்டுரையிலேயே, சொந்தச் சாதிக்குள் கல்யாணம் என்பதுதான் சாதியின் சாரம் என்று காட்டினார். 1936 லாகூர் மாநாட்டுக்கு எழுதிய உரையில், கலப்பு மணம்தான் உண்மையான மருந்து என்றார். மாநாட்டுக்காரர்கள் உரையைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தையே ரத்து செய்தார்கள். அவர் சொந்தச் செலவில் 1,500 பிரதி அச்சடித்தார். ஆகவே கல்யாண வேலையும் இங்கே சேர வேண்டும்.

இருவரும் இந்து, பௌத்த, சீக்கிய, சமணர் யாராக இருந்தாலும் தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் செல்லும். இந்துத் திருமணச் சட்டம் 7ஏ, 1968 ஜனவரி முதல் நடைமுறை. மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும், ஐயர் தேவையில்லை. ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் உறுதி செய்தது. ஆனால் கல்யாணம் ஆனது என்பதற்கு ஏதோ ஒரு கோயில் ரசீதையோ வக்கீல் கொடுத்த தாளையோ மட்டும் நம்பி உட்காராதீர்கள். 2009 பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள்.

ஒருவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் என்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம். அங்கேதான் ஆபத்து. இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுத்து மேலும் 30 நாள் அது அலுவலகப் பலகையில் தொங்கும். வீட்டுக்குத் தெரிவது பெரும்பாலும் அந்தப் பலகை வழியாகத்தான். எனவே நோட்டீஸ் கொடுக்கும் முன்பே பெண்ணின் பள்ளிச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று மூன்றும் அவர் கையில் இருக்க வேண்டும். வீட்டை விட்டு வந்த பிறகு அவற்றை எடுக்கப் போன இடத்தில்தான் பல பிள்ளைகளைப் பிடித்து அடைத்துவைக்கிறார்கள். மிரட்டல் இருந்தால் பாதுகாப்பு தருவதற்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று 2018 சக்தி வாஹினி தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. மனுவில் அந்தத் தீர்ப்பின் பெயரைக் குறிப்பிட்டு, மிரட்டியவர் பெயர், எந்த நம்பரிலிருந்து வந்த அழைப்பு என்று எழுதுங்கள். "உயிருக்கு ஆபத்து" என்று பொதுவாக எழுதினால் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் பெற்றோர் முன் உட்காரவைத்துவிடுவார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுத் திட்டத்தில் பட்டம், டிப்ளமோ முடித்த பெண்ணுக்கு 50,000 ரூபாய், மற்றவர்களுக்கு 25,000, இரண்டுக்கும் 8 கிராம் தங்கம். கல்யாணம் ஆன 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவுச் சான்று கைக்கு வந்ததும் செய்துவிடுங்கள். குழந்தைக்கு அப்பா, அம்மா இருவரில் எவருடைய சாதிச் சான்றையும் வாங்கலாம் என்ற அரசாணை 1975-லிருந்து இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் "அப்பா சாதிதான் வரும்" என்று திருப்பி அனுப்பினால் அந்த அரசாணையைக் கேளுங்கள்.

புளியந்தோப்பு, இரவுப் பள்ளி

ராயபுரம் அக்கா சொன்னதோடு படிப்பையும் சேர்த்துக்கொள்கிறேன். 1913-இல் அம்பேத்கர் நியூயார்க் போனது பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில், மாதம் பதினொன்றரை பவுண்ட். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944-இல் தொடங்கியபோது அவர் மத்திய நிர்வாகக் குழுவில் இருந்தார். அந்தத் திட்டம்தான் இன்றைக்கும் நம் பிள்ளைகள் பிளஸ் ஒன் முதல் வாங்குவது. குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம்.

பணம் வராததற்குக் காரணம் கேட்டால் எல்லாரும் அரசைத் திட்டுகிறார்கள். பாதிக்கு மேல் வங்கிக் கணக்குச் சிக்கல். ஆதாரைக் கணக்கோடு இணைத்தால் மட்டும் போதாது, எந்த ஆதாருக்கு எந்தக் கணக்கில் பணம் போக வேண்டும் என்று வைத்திருக்கும் என்.பி.சி.ஐ. மேப்பிங்கில் அந்தக் கணக்கு இருக்க வேண்டும். ஒரு ஆதாருக்கு ஒரு கணக்குதான் அங்கே நிற்கும், கடைசியாக எதை இணைத்தீர்களோ அது. பிள்ளை பார்ட் டைம் வேலைக்காகப் புதுக் கணக்குத் திறந்து ஆதார் கொடுத்திருப்பான், உதவித்தொகை அங்கே போயிருக்கும். பள்ளியில் திறந்த மைனர் கணக்கு, 18 வயது ஆனதும் புதுக் கையெழுத்து, கே.ஒய்.சி. கொடுக்காவிட்டால் முடங்கிவிடும். கல்லூரி முதலாண்டும் 18 வயதும் ஒன்றாக வருவதால் இந்தச் சிக்கல் கூட்டமாக வருகிறது. பெயரில் இனிஷியல் முன்னா பின்னா, மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, இவையும் உண்டு. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். விண்ணப்பம் திறந்த பிறகு இ-சேவையில் வரிசையில் நிற்காமல் மே மாதமே எடுத்துவிடுங்கள்.

பள்ளி நடத்துவது பற்றி ஒரே ஒரு விஷயம். வகுப்புப்படி பிரித்து உட்காரவைக்காதீர்கள், வாசிக்கும் நிலைப்படி பிரியுங்கள். எட்டாவது பையன் மூன்றாவது புத்தகத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறான் என்றால், அவனுக்கு எட்டாவது அறிவியல் கேள்வி பதில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யவைப்பதில் பிரயோஜனம் இல்லை. பொதுத் தேர்வு நேரத்தில் மட்டும் இதற்கு விலக்கு.

ஓட்டேரி

அருமை தோழர்களே. சட்ட உதவித் தோழருக்கு ஒரு கேள்வி. போலீஸ், தாலுகா எல்லாம் இருக்கட்டும். நம் பகுதியில் இந்தச் சட்டம் மொத்தமாக எப்படி நடக்கிறது என்று கேட்க ஓர் இடம் உண்டா?

வியாசர்பாடி, சட்ட உதவி

உண்டு, பலருக்குத் தெரியாது. வன்கொடுமைச் சட்டத்தின் 1995 விதிகளில் 17-ஆவது: மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்பு, கண்காணிப்புக் குழு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். வழக்குகள், நிவாரணம், அதிகாரிகளின் பொறுப்பு எல்லாவற்றையும் அங்கே பார்க்க வேண்டும். ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை, நமக்கு ஒரு பஸ் தூரம்தான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் நடவடிக்கை இல்லை?" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். கடைசி நான்கு கூட்டங்கள் நடந்த தேதி, ஒவ்வொன்றின் கூட்டக் குறிப்பு நகல், வந்திருந்தவர்களின் கையெழுத்துப் பட்டியல், இன்ன காலத்தில் பதிவான வழக்குகளில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலானவை எத்தனை, முதல் தவணை நிவாரணம் கொடுத்த தேதிகள். கேள்விக்கு ஒரு எண் போட்டுத் தனித்தனியாக எழுதுங்கள். 30 நாளில் பதில் வரவில்லையென்றாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். உங்கள் சொந்த வழக்கின் விசாரணைக் கோப்பை இதில் கேட்காதீர்கள், விசாரணைக்கு இடையூறு என்ற 8(1)(எச்) விலக்கைக் காட்டி மறுப்பார்கள், அதற்கு நீதிமன்றத்தில் நகல் மனு போட வேண்டும். மாதிரி மனுவைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், வேண்டுபவர்கள் தேதியையும் பகுதியையும் மாற்றிக்கொண்டு பயன்படுத்தலாம்.